அரக்கோணத்தில் இன்ஜின் மாற்றினார்கள்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. கோயமுத்தூர்லருந்தா வர்றீங்க? இதுக்காகவேவா? புளோரா, ரெண்டு டீ போடும்மா, கோயமுத்தூர்த் தம்பி வந்திருக்காரு.

முதல்லயே சொல்லிடறேன். நீங்க போன்ல கேட்டீங்களே, அதுக்கு என் பதில் முடியாதுங்கிறதுதான். அந்த ரிக்கார்டை மறுபடி வெளியில கொண்டு வாங்க, வராம போங்க, அது உங்க பாடு. ஆனா ரெண்டாவது பக்கம் கடைசியில ஒண்ணு இருக்கு பாருங்க, அது மட்டும் என் சம்மதத்தோட வராது. அதுதான் பிரமாதம், அதுக்காகத்தான் எல்லாரும் அந்த ரிக்கார்டைத் தேடுறாங்கன்னு நீங்க போன்ல சொன்னீங்க. நான் அப்பவே போனை வெச்சிருக்கணும். வயசானவனை கேலி பண்றாங்கன்னுதான் நெனைச்சேன். என் சம்சாரம் புளோராதான் "வரச்சொல்லுங்க, பாவம்"னு சொன்னா. யார் பாவம்னு நான் கேக்கல.

வந்தது வந்துட்டீங்க. ஏன் முடியாதுன்னு தெரிஞ்சுகிட்டுப் போங்க.

எங்க பேண்டு பேரு 'மெட்ராஸ் மெயில்'. லெஸ்லி வெச்ச பேரு. லெஸ்லி பெரேரா. பியானோ. அவங்க அப்பா இன்ஜின் டிரைவர், எங்க அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல ஃபிட்டர். அவன் ஆங்கிலோ இண்டியன், நாங்க தமிழ்க் கிறிஸ்தவங்க. ஆனா ஒரே தெரு, ஒரே ஸ்கூலு. அவங்க வீட்டு முன்ரூம்ல ஒரு பழைய பியானோ இருந்துச்சு. நான் சர்ச் பேண்டுல டிரம்பெட் ஊதிட்டிருந்தேன். ஒருநாள் அவன் ஜன்னல் வழியா கூப்பிட்டான். "ஏய் எர்னி, உள்ள வா மேன், ஒரு விஷயம் கேளு"ன்னான். அப்படி ஆரம்பிச்சதுதான்.

ஜாஸ்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா அப்ப மெட்ராஸ்ல யாருக்குத் தெரியும்? மவுண்ட் ரோட்டுப் பக்கம் அட்மிரல்னு ஒரு ஹோட்டல். சாயங்காலம் அங்க டீ டான்ஸ் நடக்கும். கேக் தின்னுகிட்டு, டான்ஸ் ஆடிகிட்டு, நாங்க ஒருத்தரை ஒருத்தர் விட்டுப் பிடிச்சு வாசிக்கிறதை பாதிப் பேர் கவனிக்கக்கூட மாட்டாங்க. கவனிக்கிற மீதிப் பேருக்காகத்தான் வாசிச்சோம். லெஸ்லி பியானோ, வரதன் பாஸ், டெரிக் டிரம்ஸ், டோரீன் பாட்டு, நான் டிரம்பெட். பியானோவுக்கு வலது பக்கம் என் இடம். வேற யாரும் அங்க நின்னதில்ல. லெஸ்லி தலையைத் தூக்கிப் பார்த்தா நான்தான் தெரியணும்.

அப்புறம் ஒவ்வொருத்தரா கிளம்ப ஆரம்பிச்சாங்க. ஆங்கிலோ இண்டியன் ஜனங்களுக்கு அப்ப அதே பேச்சு. பெர்த், மெல்பர்ன், பெர்த், மெல்பர்ன். முதல்ல டோரீன் கல்யாணம் பண்ணிகிட்டு பெர்த்துக்குப் போனா. சரி, பாட்டு இல்லாம வாசிப்போம்னு வாசிச்சோம்.

இந்த இடத்துலதான் லெஸ்லி மாற ஆரம்பிச்சான். நல்லா கேளுங்க. யாருக்கும் தெரியாத விஷயம் இது. பாட்டோட கீயை, அதான் சுருதியை, எறக்க ஆரம்பிச்சான். வருஷக்கணக்கா ஒரு உயரத்துல வாசிச்சிட்டிருந்த டியூனை, திடீர்னு ஒருநாள் எறக்கி வாசிக்கிறான். நான் கேட்டேன், "என்னா மேன், ஏன் எறக்குற?"ன்னு. "டோரீனுக்கு சவுகரியமா இருக்கும் மேன்"னான். டோரீன் கப்பலேறி ஆறு மாசம் ஆச்சு! என் முகத்தைப் பார்க்காம சொல்றான். சோம்பேறித்தனம். வேற என்ன? விரல் ஓடல, மனசு ஆஸ்திரேலியாவுக்குப் போயிடுச்சு.

அது மட்டுமா? நான் தனியா வாசிக்கிற நேரத்தைக் குறைச்சான். நான் ரெண்டு சுத்து வாசிச்சதும், மூணாவதுக்கு மூச்சு இழுக்கிறதுக்குள்ள இவன் பியானோல உள்ள புகுந்துடுவான். ஜனங்க கை தட்டுவாங்க, நானும் டிரம்பெட்டை எறக்கிடுவேன். அப்புறமா வந்து தோள்ல கைபோட்டு, "டிங்கு மாதிரி இருந்துச்சு மேன்"பான். டிங்குன்னா அவன் பாஷையில பிரமாதம்னு அர்த்தம். புகழ்ந்து புகழ்ந்தே ஒருத்தனை ஓரம் கட்டலாம்னு லெஸ்லியைப் பார்த்துதான் நான் கத்துகிட்டேன்.

என்ன? பல்லா? யார் சொன்னா உங்களுக்கு? வரதனா? வரதனுக்கு வேற வேலை இல்ல. அது ஒண்ணுமில்ல தம்பி. பெரம்பூர் பாலத்துக்குக் கீழ ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தேன். முன்பல்லு ரெண்டு போச்சு. டாக்டர் கட்டிக் கொடுத்தாரு. கட்டின பல்லும் பல்லுதானே? டிரம்பெட்டுக்கு உதடுதான் முக்கியம், பல்லு சும்மா பின்னாடி நிக்கிறது. கொஞ்ச நாள் மேல்ஸ்தாயில காத்து ஒழுகுச்சு. அதுக்குக் காரணம் பல்லு இல்ல. அட்மிரல்ல புதுசா ஏர்கண்டிஷன் போட்டிருந்தான், அந்தக் குளிர்ல பித்தளை சுருங்கிடும். மவுத்பீஸும் பழசு. நான் யார்கிட்டயும் சொல்லிக்கல. சொல்ல என்ன இருக்கு? லெஸ்லிக்கே தெரியாது.

வாங்கிக்குங்க தம்பி, டீ. சர்க்கரை போதுமா?

அப்புறம் ஒருநாள் லெஸ்லி வந்து, எனக்கும் விசா வந்துடுச்சு மேன்னான். எனக்குத் தெரியும், எல்லாருக்கும் வரும், அவனுக்கும் வரும்னு. ஆனாலும் நான் அன்னைக்கு சாப்பிடல. புளோராவைக் கேளுங்க. மனசுல ஒரே ஒரு எண்ணம்தான் இருந்துச்சு. அவன் போனா, பேண்டு என் கைக்கு வரும். வரணும். நான்தானே மூத்தவன்? முதல் நாள்லருந்து கூட நின்னவன்? வேற ஒரு பியானோக்காரனைப் பிடிச்சுப் பழக்கிக்கலாம். பேண்டுக்கு பேரைக்கூட மாத்த வேணாம்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன்.

அட்மிரல் முதலாளி மகனுக்கு எங்க வாசிப்புல பைத்தியம். லெஸ்லி போறதுக்குள்ள ஒரு ரிக்கார்டு போட்டுடணும்னு அவன்தான் ஏற்பாடு பண்ணான். லெஸ்லிக்கு சந்தோஷம். ரிக்கார்டுக்கு பேரு 'சேஞ்ச் அட் அரக்கோணம்'. அந்தக் காலத்துல மெயில் அரக்கோணம் வந்ததும் இன்ஜினைக் கழட்டி வேற இன்ஜின் மாட்டுவாங்க. உள்ள இருக்கிறவனுக்கு ஒரு குலுக்கல்தான் தெரியும், வண்டி அதே வண்டிதான். அவங்க அப்பா சொல்லி அவனுக்கு அதுல ஒரு கிறுக்கு. "நம்ம பேண்டும் அப்படித்தான் மேன், இன்ஜின்தான் மாறுது"ன்னான். நான் சிரிச்சேன். புது இன்ஜின் நான்தான்னு நெனைச்சு சிரிச்சேன் தம்பி.

அந்த வாரமே ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தான். ஹெப்சிபா. திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரு, வேப்பேரியில ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல பியானோ சொல்லிக் கொடுத்துட்டிருந்துச்சு. காட்டன் புடவை, இறுக்கிப் பின்னின ஜடை, கையில ஒரு துணிப்பை. சர்ச்சுக்குக் காய்கறி வாங்கிட்டு வந்த மாதிரி. லெஸ்லி வீட்டு பியானோல உட்கார்ந்து வாசிச்சுது. வாசிச்சுது, நான் இல்லைங்கல. ஆனா சத்தமே இல்ல. ஒரு கட்டையை அமுக்கிட்டு அது அடங்கற வரைக்கும் காத்திருக்கும். அடங்கினப்புறம்தான் அடுத்தது. ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு வாசிக்கிற மாதிரி. டெரிக் குச்சியைக் கீழ வெச்சுட்டு வாயைப் பிளந்துட்டு உட்கார்ந்திருக்கான். அவன் எப்பவும் அப்படித்தான், எதுக்கும் வாயைப் பிளப்பான்.

வாசிச்சு முடிச்சுட்டு எந்திரிச்சு என்கிட்ட வந்துச்சு. "எர்னஸ்ட் அண்ணே, நான் எங்கப்பாகூட அட்மிரல் போர்ட்டிகோவுல நின்னு நீங்க வாசிக்கிறதைக் கேட்டிருக்கேன். உள்ள வர எங்களுக்கு வசதியில்ல. நீங்க அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு வாசிச்சது எனக்கு அப்படியே மனப்பாடம்"னு சொல்லி, பாடிக் காட்டுச்சு. நான் என்னைக்கோ ஒருநாள் அந்த நேரத்துக்குத் தோணினதை வாசிச்சிருக்கேன், அதை ஒரு சுரம் பிசகாம பாடுது. எப்படி இருக்கும் எனக்கு? என் வாசிப்பை எனக்கே சொல்லிக் கொடுக்கிற மாதிரி! அதுவும் எது? நான் நல்லா வாசிச்ச காலத்துல வாசிச்சது. நல்லா வாசிச்ச காலம்னா... எப்பவும் நல்லாத்தான் வாசிச்சேன். நான் சொல்றது என்னன்னா, வந்த அன்னைக்கே அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு திமிர்.

"பாட்டு நல்லா மனப்பாடம் பண்ணுவே போல, ஸ்கூல் டீச்சர்தானே"ன்னேன். அது முகம் சின்னதாயிடுச்சு. லெஸ்லி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கல.

ரிக்கார்டிங் கோடம்பாக்கத்துல. சினிமாக்காரங்களுக்கு ஏதோ ஸ்டிரைக், ஸ்டுடியோ காலியா கெடந்துச்சு. காலையில முதல் பக்கம். லெஸ்லி பியானோ. வாசிச்சோம். எனக்கு அன்னைக்கு சரியில்ல, ஒத்துக்கறேன். புது ஸ்டுடியோ, சுவரெல்லாம் கம்பளி ஒட்டி வெச்சிருக்கான், ஊதற சத்தம் திரும்பி காதுக்கு வரமாட்டேங்குது. மேல போற இடத்துல ரெண்டு தடவை உடைஞ்சுது. லெஸ்லி கிட்ட வந்து மெதுவா, "எர்னி, மியூட் சொருகி வாசி மேன், மைக்குக்கு அதான் நல்லாருக்கும்"னான். மியூட்னா தெரியுமில்ல, டிரம்பெட் வாயில சொருகற மூடி. என் வாயையே மூடச் சொல்ற மாதிரிதான். வாசிச்சேன். முதல் பக்கம் பூரா மூடிக்குள்ளருந்து வர்ற சத்தம்தான் நான்.

மத்தியானம் லெஸ்லி பொண்டாட்டி மஞ்சச் சோறும் உருண்டைக் கறியும் கொடுத்தனுப்பியிருந்தா. எல்லாரும் வட்டமா உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் பொண்ணும் வந்திருந்துச்சு. ஓரமா உட்கார்ந்து சும்மா பார்க்க வந்திருக்குன்னு நெனைச்சேன். சாப்பிட்டு கை கழுவிட்டு லெஸ்லி சொல்றான். "ரெண்டாவது பக்கம் ஹெப்சி வாசிக்கட்டும். இனிமே பேண்டு எப்படி இருக்கும்னு ஜனங்களுக்கும் தெரியணுமில்ல."

நான் சரின்னேன். பியானோ யாராவது வாசிச்சுதானே ஆகணும்?

"பேண்டையும் அவதான் பார்த்துக்கப் போறா எர்னி."

நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகமில்ல. வரதன்கிட்ட கேட்டா அவன் ஒண்ணு சொல்வான். ஞாபகம் இருக்கிறது இதுதான். "ஏன்டா நான் செத்தா போயிட்டேன்?"னு கேட்டேன். லெஸ்லி, "நீ வாசிக்கிறவன் மேன். நீ வாசிச்சா போதும். மத்த தலைவலியெல்லாம் அவ சுமக்கட்டும். உன்னைப் பார்த்துக்குவா"ன்னான். என்னைப் பார்த்துக்குவாளாம்! நான் என்ன கைக்குழந்தையா? அந்தப் பொண்ணு எந்திரிச்சு வந்து, "அண்ணே, உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம். நீங்களே நடத்துங்க, நான் வாசிச்சிட்டுப் போறேன்"னுச்சு. எல்லார் முன்னாடியும். பெருந்தன்மை! எனக்குப் பிச்சை போடுது. "நீ போய் பிள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமைப் பாட்டு சொல்லிக் கொடும்மா, உனக்கு அதான் வரும்"னேன். டெரிக் தட்டை எடுத்துட்டு வெளிய போயிட்டான்.

நான் ஏன் அப்பவே எந்திரிச்சுப் போகலன்னு நீங்க கேக்கலாம். போயிருக்கணும். ரிக்கார்டாச்சே தம்பி. நம்ம பேரு ஒரு தட்டுல ஏறப்போகுது. போகல.

ரெண்டாவது பக்கம் முதல் ரெண்டு டியூன் எப்படியோ முடிஞ்சுது. கடைசி டியூன் அந்தப் பொண்ணே போட்டது. ரொம்ப மெதுவா. பியானோ ஆரம்பிக்கும், பாஸ் சேரும், அப்புறம் நான் டியூனைச் சொல்லணும். எழுதிக் கொடுத்த இடமெல்லாம் என் கையெட்டற உயரத்துலதான் இருந்துச்சு. அதை நான் அன்னைக்கே கவனிச்சேன், எவ்வளவு சாதாரணமா எழுதியிருக்கு பாருன்னு. "மியூட் வேணாம்ணே, திறந்தே வாசிங்க"ன்னுச்சு. சிவப்பு லைட் எரிஞ்சுது. வாசிக்கிறேன். பாதி டியூன்ல, நீளமா நிறுத்த வேண்டிய ஒரு சுரம் வருது. இழுத்தேன். உதடு போயிடுச்சு.

எப்படின்னா... கை மரத்துப்போகுமே, அப்படி. ஊதறேன், காத்து மட்டும் வருது. சத்தம் இல்ல.

எந்த பேண்டா இருந்தாலும் அங்க நிறுத்திடுவாங்க. "கட்"டுன்னு சொல்லி மறுபடி ஆரம்பிப்பாங்க. அந்தப் பொண்ணு நிறுத்தல. ரெண்டே ரெண்டு கட்டை, அதையே திருப்பித் திருப்பி மெதுவா அமுக்கிட்டே இருக்கு. வரதனும் அதுக்கேத்த மாதிரி ஒரே ஒரு சுரத்தைப் பிடிச்சுட்டு நிக்கிறான். டெரிக் குச்சியை மேல தூக்கி வெச்சுட்டான். எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க. நான் நடுவுல டிரம்பெட்டைப் பிடிச்சுட்டு நிக்கிறேன், டேப் ஓடுது. ஆயுசுல நான் அவ்வளவு தனியா நின்னதில்ல.

அப்புறம் வேற வழியில்லாம, கீழ, ரொம்பக் கீழ, ஒரு சுரம் ஊதினேன். முழுசாக்கூட வரல, பாதி காத்து. இன்னொண்ணு. டியூனையே விட்டுட்டேன். நாலஞ்சு சுரம்தான், எது வருமோ அது. குளிர் ஜுரத்துல பேசற மாதிரி. அப்படியே முடிஞ்சுது.

கண்ணாடிக்குப் பின்னாடி, இன்ஜினியர் பக்கத்துல லெஸ்லி உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தேன். ரெண்டு கையாலயும் முகத்தை மூடிட்டு இருக்கான், தோள் ரெண்டும் குலுங்குது. சிரிக்கிறான் தம்பி. சின்ன வயசுலருந்து கூட நின்னவன் நடுவுல நின்னு அசிங்கப்படறேன், அவனுக்கு சிரிப்பு. வெளிய வந்தப்ப கண்ணெல்லாம் சிவப்பு. அவ்வளவு சிரிப்பு.

"இன்னொரு டேக்"னேன். லெஸ்லி, "வேணாம் மேன், போதும்"னான். "நான் வாசிக்கணும்"னேன். அந்தப் பொண்ணு, "அண்ணன் கேட்டா வாசிப்போம்"னு பியானோல உட்கார்ந்துச்சு. ரெண்டாவது டேக் எடுத்தாங்க. அதைக் கேட்டிருக்கணும் நீங்க! உதட்டைக் கடிச்சு ரத்தம் வர்ற மாதிரி வெச்சுகிட்டு ஊதினேன். ஒரு சுரம் தப்பல. நீளமான சுரம் அப்படியே கம்பி மாதிரி நின்னுச்சு. முடிச்சதும் எனக்குத் தெரியும், இதான்னு. லெஸ்லி தலையை ஆட்டினான். "சரி மேன், ரெண்டும் இருக்கு"ன்னான். அவ்வளவுதான். டிங்குமில்ல, ஒண்ணுமில்ல.

அவன் பிளேன் ஏறின அன்னைக்கு நான் மீனம்பாக்கம் போகல. புளோரா போயிட்டு வந்தா. அவன் வாசல்லயே நின்னுட்டிருந்தானாம், கடைசி வரைக்கும் திரும்பித் திரும்பி ரோட்டைப் பார்த்துகிட்டு. டாக்சியில எதையாவது மறந்து வெச்சிருப்பான்.

ரிக்கார்டு வந்துச்சு. வரதன் வீட்டுல போட்டான். ரெண்டாவது பக்கம் கடைசி. பியானோ ஆரம்பிக்குது. நான் டியூன் சொல்றேன். அந்த நீளமான சுரம்... காத்து. முதல் டேக்! ஊசியை நான்தான் தூக்கினேன், கீறிடுச்சு. அதுக்கு மேல கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. இந்த வீட்டுல அந்த ரிக்கார்டே கிடையாது. யார் முடிவு பண்ணாங்கன்னு கேட்டேன். லெஸ்லியும் ஹெப்சியும் சேர்ந்துதான்னான் வரதன். "ஏன்டா நீ சொல்லக் கூடாதா?"ன்னேன். "நான் சொன்னதும் அதைத்தான் எர்னி"ன்னான். பாருங்க. எல்லாருமா சேர்ந்து.

நேரா வேப்பேரி போனேன். அந்தப் பொண்ணு கிளாஸ்ல இருந்துச்சு, பிள்ளைங்க வரிசையா பாடிட்டிருந்தாங்க. வாசல்ல நின்னு கேட்டேன், என் மானத்தை விக்கிறதுக்கு உனக்கு யார் உரிமை கொடுத்தான்னு. இன்னும் என்னென்னமோ கேட்டேன். பிள்ளைங்க பயந்துடுச்சு. அது பியானோ மூடியை மெதுவா மூடிட்டு வெளிய வந்து, "அண்ணே, நீங்க வாசிச்சதிலேயே அதுதாண்ணே..."ன்னு ஆரம்பிச்சுது. நான் கேக்கல. "இனிமே என் இடத்துல எவனையாவது நிக்க வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நிக்க வெச்சுதா? அதான் இல்ல. அதுக்கப்புறம் மூணு நாலு வருஷம் அட்மிரல்ல அந்த பேண்டு ஓடிச்சு. டிரம்பெட் இல்லாமலே ஓடிச்சு. என்னை மாதிரி ஒருத்தன் மெட்ராஸ்ல கெடைக்கல, வேற என்ன?

நான் ஒரு தடவை போனேன். புளோராவுக்கே தெரியாது. ஒரு கல்யாண வரவேற்புக்கு வாசிச்சிட்டுத் திரும்பறேன், கையில டிரம்பெட் பெட்டி. மழை. அட்மிரல் வாசல்ல ஒதுங்கினேன். உள்ள டீ டான்ஸ். ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னேன். இதே டியூன். பியானோ, பாஸ். நான் வரவேண்டிய இடம் வந்துச்சு. யாரும் வரல. அந்தப் பொண்ணு அந்த ரெண்டு கட்டையை அமுக்கிட்டு, மறுபடி அமுக்கிட்டு, காலியா விட்டுடுச்சு. பியானோவுக்கு வலது பக்கம் ஒரு மைக்கு, ஆளில்லாம நிக்குது. ஜனங்க அமைதியா கேக்கிறாங்க. பாருங்க தம்பி, அன்னைக்கு நான் நின்னுபோனதை டியூனாவே ஆக்கி, நாள்தவறாம ஊருக்குக் காட்டியிருக்காங்க!

அப்ப அந்தப் பொண்ணு தலையைத் தூக்கிச்சு. என்னைப் பார்த்துடுச்சு. கையில இருந்த பெட்டியையும் பார்த்துச்சு. நிறுத்தவே இல்ல. அந்த ரெண்டு கட்டை, ரெண்டு கட்டை, என்னையே பார்த்துட்டு. முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகவேண்டியதுதானே? போகல. வரதனும் திரும்பிட்டான். டான்ஸ் ஆடறவங்களே நின்னு யாரைப் பார்க்குதுன்னு திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. மறுபடி என்னை மேடையேத்தி அசிங்கப்படுத்தப் பார்த்துச்சு. நான் மழையிலயே எறங்கி நடந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த ரெண்டு கட்டை கேட்டுகிட்டே இருந்துச்சு. ஹோட்டல் கதவைத் திறந்து போட்டிருப்பானுங்க.

அப்புறம் ஒரு ஸ்கூல்ல டிரில் பேண்டுக்கு மாஸ்டரா போயிட்டேன். ரிட்டயர் ஆனேன். நல்ல வேலை. குறையில்ல.

லெஸ்லி செத்துப் போயி கொஞ்ச வருஷமாச்சு. பெர்த்துலருந்து அவன் பொண்ணு போன் பண்ணுச்சு. "அங்கிள், டாடிக்குக் கல்லறையில என்ன மியூசிக் போடணும்னு அவரே சொல்லியிருந்தாரு. அந்த ரிக்கார்டுல கடைசி டியூன். நீங்க வாசிச்சது"ன்னு சொல்லி அழுதுச்சு. நான் வெச்சிடும்மான்னு வெச்சுட்டேன். சாகும்போதுகூட விடல பாருங்க. கடல் தாண்டிப் போயி, கறுப்புச் சட்டை போட்டு நிக்கிறவங்களுக்கெல்லாம் என் தப்பைப் போட்டுக் காட்டிட்டுப் போயிருக்கான்.

இப்ப சொல்லுங்க. நான் எப்படிச் சம்மதிக்கிறது?

என்ன? ஹெப்சியைப் பார்த்தீங்களா? எங்க? பாளையங்கோட்டையிலயா இருக்கு? ம். முடியெல்லாம் நரைச்சிருக்கும்.

டேப்பா? ரெண்டு டேக்குமா? இத்தனை வருஷமா அதுவா வெச்சிருந்துச்சு? என்னன்னு சொல்லிக் கொடுத்துச்சு உங்ககிட்ட? அப்படியே சொல்லுங்க, அது சொன்ன மாதிரியே. "எதைப் போடணும்னு எர்னஸ்ட் அண்ணன்கிட்ட கேளுங்க, அவர் சொல்றதுதான்"னா?

ம்.

இத்தனை வருஷம் கழிச்சு இப்பவாவது புத்தி வந்துச்சே. ரெண்டாவதைப் போடுங்க. இப்பவே. போன்லயே இருக்கா? வைங்க, வைங்க, இங்க டீப்பாய் மேல வைங்க. சத்தத்தைக் கூட்டுங்க.

...பியானோ. ஆமா. வரதன். இப்ப நான். பாருங்க. கேட்டீங்களா, கேட்டீங்களா, அந்த நீளமான சுரம்! நின்னுச்சா? கம்பி மாதிரி! ஒரு பிசிறு இருக்கா? இதைத்தான் மறைச்சு வெச்சிருந்தானுங்க. புளோரா! இங்க வாம்மா, கையைத் துடைச்சுட்டு வா. இதைக் கேளு.

என்ன? யாருன்னா கேக்கற? நான்தான்! அந்த ரெண்டாவது டேக்கு. நான் சொல்லியிருக்கேனே.

இல்லையா? இல்லன்னா என்ன அர்த்தம்? "நீங்க வாசிச்சா எனக்குத் தெரியாதா"ன்னா? தெரியலையே உனக்கு! நல்லாக் கேளு. என்ன, ரொம்ப சத்தமா இருக்கா? டிரம்பெட்னா சத்தமாத்தான் இருக்கும். சரி, போ. நீ போய் அடுப்பைப் பாரு.

அவளுக்கு இப்பல்லாம் காது சரியா கேக்கறதில்ல தம்பி. நிறுத்துங்க. போதும். முழுசா வேணாம்.

இதைத்தான் போடணும். சொல்லிட்டேன். அந்தப் பொண்ணே என் முடிவுதான்னு சொல்லிடுச்சில்ல? எர்னஸ்ட் தயாபரன், டிரம்பெட். பேரைச் சரியா போடுங்க. அந்த இன்னொண்ணு வெளிய வரக்கூடாது. உங்களுக்கு வருத்தம்னு தெரியுது. இருக்கட்டும்.

எந்திரிச்சுட்டீங்களா? இருங்க, பஸ் எந்தப் பக்கம்னு காட்டறேன். ஒரு நிமிஷம். அவ உள்ளதானே இருக்கா?

தம்பி, நீங்கதான் அந்த முதல் டேக்கை நூறு தடவை கேட்டிருப்பீங்களே. நான் நின்னுபோனேன்ல, அந்த இடம். அதுக்கப்புறம் நான் ஊத ஆரம்பிக்கிற வரைக்கும், அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் அப்படியே வாசிச்சுட்டு இருந்துச்சு?

வேணாம். சொல்லாதீங்க.